முதல் நூலோடு நிறுத்துவதா, ‘கேட்சிங் ஃபயர்’ படிப்பதா?

சுசான் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலைக் கோடை விடுமுறையில் மூன்றே நாளில் முடித்துவிட்ட என் அக்கா மகள், “மாமா, அடுத்ததை வாங்கலாமா, படம் பார்த்தால் போதுமா?” என்று கேட்டாள். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் 2008இல் வெளிவந்த அந்த நாவலுக்குப் பின் 2009இல் ‘கேட்சிங் ஃபயர்’, 2010இல் ‘மாக்கிங்ஜே’, பிறகு 2020இலும் 2025இலும் ஒவ்வொரு முன்கதை என்று தொடர் ஐந்து நூல்களாக வளர்ந்திருக்கிறது. இடையில் ஐந்து திரைப்படங்களும் வந்துவிட்டன. ஆகவே முதல் நூலை மூடி வைத்தவர் அங்கேயே நின்றுவிடலாம், இரண்டாம் நூலை எடுக்கலாம், அதைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம், அல்லது அதைத் தாண்டி முன்கதைகளுக்குப் போகலாம். இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் கிடைப்பது எது, இழப்பது எது என்பதை, இரண்டாம் நூலை இருமுறை படித்து இருவேறு முடிவுகளுக்கு வந்த ஒருவனாக இங்கே எழுதுகிறேன். முதல் நூலின் கதை தெரிந்தவர்களுக்காக எழுதப்படுவது இது. ‘கேட்சிங் ஃபயர்’ எப்படி முடிகிறது என்பதைச் சொல்லப் போவதில்லை.

நிறுத்திக்கொள்வது சோம்பேறிகளின் வழி என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் நூல் தன்னளவில் முழுமையானது. பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து 12 முதல் 18 வயது வரையுள்ள ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் ஆண்டுதோறும் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வைத்து, அதை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கட்டாயமாகக் காட்டும் பானெம் என்ற நாட்டின் கதை அது. தங்கைக்குப் பதிலாகத் தானே முன்வந்து களத்துக்குப் போகும் காட்னிஸ் எவர்டீன் உயிரோடு திரும்புகிறாள். களத்தில் தன் மாவட்டத்துச் சக போட்டியாளனும் தன்னோடு உயிர்தப்பியவனுமான பீட்டாவிடம் அவள் காட்டிய காதலில் நடிப்பு எவ்வளவு என்பது திரும்பும் ரயிலில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஊர் வந்ததும் படக்கருவிகளுக்காக இருவரும் கைகோத்துக்கொள்கிறார்கள். அந்தக் கசப்போடு முடியும் கதை, வெற்றியைக் கொண்டாடி முடியும் கதைகளைவிட நேர்மையானது. தொடர்ச்சி ஒன்று எழுதப்படாமலே போயிருந்தாலும் அது நல்ல முடிவாகவே நின்றிருக்கும்.

முதல் நூலோடு நிற்பவர் இழப்பது கதையின் எஞ்சிய பகுதியை மட்டுமன்று. அந்த நாட்டையே அவர் முழுதாகப் பார்ப்பதில்லை. முதல் நூலில் அதிபர் ஸ்னோ ஏறக்குறைய ஒரு அலங்காரப் பொம்மை. மகுடம் சூட்ட வருகிறார், போகிறார். காட்னிஸ் தன் மாவட்டத்தையும் தலைநகரான கேபிடலையும் களத்தையும் தவிர வேறு எதையும் கண்டதில்லை. இத்தனை கொடுமையைச் செய்யும் ஆட்சி எதற்கு அஞ்சுகிறது என்ற கேள்வி எழுகிறது, ஆனால் விடை தரப்படவில்லை. விடையைத் தேடுவதா வேண்டாமா என்பதில்தான் இரண்டாம் நூலை வாங்குவதா வேண்டாமா என்பது அடங்கியிருக்கிறது.

முதல் முறை ‘கேட்சிங் ஃபயர்’ படித்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. மீண்டும் ஒரு களத்தை எதிர்பார்த்துப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். மூன்று பாகங்கள், 27 அத்தியாயங்கள் என்ற கட்டமைப்பு முதல் நூலில் இருந்ததேதான். ஆனால் அங்கே பத்து அத்தியாயங்கள் முடிந்ததும் தொடங்கிவிட்ட போட்டி, இங்கே பதினெட்டு அத்தியாயங்கள் முடிந்த பிறகே தொடங்குகிறது. வெற்றிச் சுற்றுப்பயணம், விருந்து, காட்டுக்குள் நடை, திருமண உடைத் தேர்வு என்று நூலின் மூன்றில் இரண்டு பங்கு கழிந்துவிடுகிறது. சரி, களம் வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அது முதல் நூலில் பார்த்ததன் இன்னொரு பதிப்பாகத் தெரிந்தது. இந்த இரண்டு குறைகளையும் இன்றும் பல வாசகர்கள் சொல்லக் கேட்கிறேன்: தொடக்கம் மெதுவானது, களம் திரும்பச் சொல்லப்பட்டது. இரண்டாம் குறை பெரும்பாலும் உண்மை. முதல் குறை, நான் இப்போது நினைக்கும் அளவில், நூலின் ஆகச்சிறந்த பகுதியைக் குறை என்று தவறாகப் பெயரிட்டதன் விளைவு.

அந்த முதல் பகுதியில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்னோ தாமே காட்னிஸின் வீட்டுக்கு வந்து உட்கார்கிறார். அவரிடமிருந்து ரோஜா மணமும் ரத்த வாடையும் சேர்ந்து வருகின்றன. முந்தைய போட்டியின் முடிவில் அவளும் பீட்டாவும் சேர்ந்தே சாகத் துணிந்து நச்சுப் பழங்களைக் கையில் எடுத்தது காதலின் வேகத்தில் அல்ல, ஆட்சியை எதிர்த்து என்று சில மாவட்டங்கள் புரிந்துகொண்டுவிட்டன. ஆகவே சுற்றுப்பயணம் முழுவதும் காதலில் உருகுபவளாக நடித்து அந்த எண்ணத்தை அழிக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் முகபாவத்தை நம்பித்தான் ஒரு பேரரசின் பாதுகாப்பு நிற்கிறது என்று ஆட்சியாளரே ஒப்புக்கொள்ளும் காட்சி அது. முதல் நூலில் அப்படிப்பட்ட காட்சி எதுவும் கிடையாது.

பயணத்தின் முதல் நிறுத்தம் பதினொன்றாம் மாவட்டம். களத்தில் இறந்த சிறுமி ரூவின் ஊர். ரூவின் உடலைப் பூக்களால் மூடியதற்கு நன்றியாக அந்த மாவட்டம் காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்பியிருந்தது நினைவிருக்கும். இப்போது மேடையில் நின்று அந்த ரொட்டிக்கு அவள் நன்றி சொல்கிறாள். கூட்டத்திலிருந்து ஒரு முதியவர் ரூவின் நான்கு சுர மெட்டைச் சீழ்க்கையடிக்கிறார். மொத்தக் கூட்டமும் மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறது. முதியவரை மேடைக்கு இழுத்துவந்து தலையில் சுடுகிறார்கள். காட்னிஸ் செய்த குற்றம் நன்றி சொன்னது மட்டுமே. நன்றிக்குக்கூட யாரோ உயிரால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அவள் அறியும் அந்த இரண்டு பக்கங்களுக்கு முன்னால் களத்தின் சண்டைகள் எல்லாம் சிறியவை.

அந்த மூன்று விரல் சைகைக்கு நூலுக்கு வெளியேயும் ஒரு வரலாறு உண்டு. முதல் நூலில் அது பன்னிரண்டாம் மாவட்டத்தின் பழைய வழக்கம். நன்றியும் மதிப்பும் பிரிவும் கலந்தது. சாவு வீடுகளில் எப்போதாவது காணப்படுவது. இரண்டாம் நூலில்தான் வேறொரு மாவட்டத்தின் கூட்டம் அதை ஒரே நேரத்தில் செய்து அரசியல் செயலாக்குகிறது. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு பாங்காக் தெருக்களில் எதிர்ப்பாளர்கள் உயர்த்தியதும், 2021இல் மியான்மரில் ராணுவ ஆட்சிக்கு எதிராக மக்கள் உயர்த்தியதும் அந்தச் சைகைதான். இளையோர் நாவல்தானே என்று ஒதுக்குபவர்களிடம் நான் வேறு வாதம் செய்வதில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறேன்.

கிளர்ச்சி நடக்கிறது என்பதைக் காலின்ஸ் காட்டும் முறை இன்னும் நுட்பமானது. கதை முழுவதும் காட்னிஸின் வாயால், நிகழ்காலத்தில் சொல்லப்படுகிறது. அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. மேயர் வீட்டு அறையில் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியில் எட்டாம் மாவட்டத்தின் கலவரத்தைத் தற்செயலாகப் பார்க்கிறாள். காட்டில் சந்திக்கும் இரண்டு அகதிப் பெண்களிடம் காட்னிஸின் சின்னமான மாக்கிங்ஜே பறவை பதித்த ஒரு ரொட்டித் துண்டு இருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இறால் விஷயம்: அவளை அலங்கரிக்க வரும் கேபிடல்காரர்கள், பருவநிலை சரியில்லையாம், வாரக்கணக்கில் இறாலே கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள்; கடலுணவு வருவது நான்காம் மாவட்டத்திலிருந்து என்பதை அறிந்த காட்னிஸ் அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்கிறாள். செய்திகள் தணிக்கை செய்யப்படும் நாட்டில் சந்தையில் எது கிடைக்கவில்லை என்பதே செய்தியாகிவிடுகிறது. விருந்தில் வயிறு நிரம்பியவர்கள் வாந்தியெடுத்துவிட்டு மீண்டும் சாப்பிடுவதற்கென்று ஒரு பானம் வைத்திருக்கிறார்கள் என்பதும் இதே பகுதியில்தான் வருகிறது, பசியால் குழந்தைகள் இறக்கும் ஊரிலிருந்து வந்த இருவர் கையில் அந்தக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி நீண்ட பிரசங்கம் எதுவும் செய்யாமல் நகர்ந்துவிடும் அடக்கம் இந்த ஆசிரியரிடம் எப்போதும் இருப்பதில்லை, இங்கே இருக்கிறது.

களத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இருபத்தைந்தாம் ஆண்டும் ‘குவார்ட்டர் குவெல்’ என்ற சிறப்புப் போட்டி. மூன்றாவது குவெல்லில் உயிரோடிருக்கும் பழைய வெற்றியாளர்களிலிருந்தே ஆட்களை எடுப்போம் என்ற அறிவிப்பு பன்னிரண்டாம் அத்தியாயத்தின் முடிவில் வருகிறது. பன்னிரண்டாம் மாவட்டத்தில் உயிரோடிருக்கும் பெண் வெற்றியாளர் காட்னிஸ் ஒருத்தியே என்பதால் அவளுக்குக் குலுக்கலே தேவையில்லை. யோசனையாகப் பார்த்தால் இது வலுவானது: குழந்தைகளுக்குப் பதிலாக, ஏற்கெனவே விலை கொடுத்து முடித்தவர்களை மீண்டும் கொடுக்கச் சொல்வது. பதினான்கு வயதில் வென்ற ஃபின்னிக், கோபத்தை மறைக்காத ஜொஹானா, எண்பது வயதை ஒட்டிய மேக்ஸ் பாட்டி என்று வருபவர்கள் முதல் நூலின் பிள்ளைகளைவிடக் கூர்மையாக வரையப்பட்டிருக்கிறார்கள். நேர்காணல் இரவில் 24 பேரும் மேடையில் கைகோத்து நிற்கும் காட்சி, எதிரிகளாக்கப்பட்டவர்கள் எதிரிகளாக மறுக்கும் தருணம்.

களத்துக்குள் போனதும் நடப்பது வேறு. கடிகாரம் போல் பன்னிரண்டு கூறுகளாகப் பிரிக்கப்பட்ட வட்டக் களம், மணிக்கொரு ஆபத்து. நச்சுப் பனிமூட்டம், குரங்குகள், ரத்த மழை என்று அத்தியாயங்கள் வரிசையாக நிற்கின்றன. நேசிப்பவர்களின் அலறலைப் பறவைகள் அப்படியே திருப்பிக் கூவும் பகுதியைத் தவிர, மற்றவை வியப்பைத் தருகின்றன, வலியைத் தருவதில்லை. முதல் நூலில் காட்னிஸ் எடுத்த ஒவ்வொரு முடிவும் அவளுடையது. இங்கே சுற்றி நடக்கும் பலவற்றின் காரணம் அவளுக்கே சொல்லப்படவில்லை. கதையின் தேவை அது என்பது இறுதியில் புரிகிறது என்றாலும், படிக்கும்போது நாயகி சற்று வழிநடத்தப்படுபவளாகவே தெரிகிறாள். ஒன்று மட்டும் கவனிக்கச் சொல்வேன்: இந்தக் களத்திலும் வானிலிருந்து ரொட்டிகள் வருகின்றன, எந்த மாவட்டத்து ரொட்டி, எத்தனை என்பதை எண்ணிக்கொண்டே படியுங்கள். ஊர்த் தோழன் கேல், பீட்டா ஆகிய இருவரில் யார் என்ற காதல் விவகாரத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. விளம்பரங்கள் அதைப் பெரிதாக்கிய அளவுக்கு நூலில் அது பெரியதாக இல்லை.

இனி படம். பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கத்தில் 2013 நவம்பரில் வெளிவந்தது, தொடரின் படங்களில் சிறந்ததாகப் பலர் கருதுவது. அந்தக் கருத்தில் எனக்கும் மறுப்பில்லை. நூலில் தொய்வடையும் களப் பகுதி திரையில் உயிர் பெறுகிறது. காட்னிஸ் மேடைத்தட்டில் ஏறிக் களத்துக்குள் நுழையும் நொடியில் ஐமேக்ஸ் திரையில் சட்டகமே விரிந்ததை அரங்கில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் மேலே நான் புகழ்ந்த பகுதியில் படம் நூலிலிருந்து வேறு பாதையில் போகிறது. காட்னிஸின் கண்ணை விட்டு வெளியேறி, ஸ்னோவும் போட்டியை வடிவமைக்கும் புளூட்டார்க் ஹெவன்ஸ்பீயும் பேசிக்கொள்வதை நேரடியாகக் காட்டுகிறது. ஸ்னோவின் பேத்தியே காட்னிஸைப் போலப் பின்னல் போட்டுக்கொண்டு வருவது அழகான சேர்க்கை. இருந்தாலும், ஆள்பவர்களின் அறைக்குள் நம்மை அழைத்துச் சென்றதும், எதுவும் தெரியாமல் இருப்பதன் அச்சம் குறைந்துவிடுகிறது. அகதிப் பெண்கள் இருவரும் படத்தில் இல்லை. ரொட்டித் துண்டும் இல்லை. மேயரின் மகள் மேட்ஜ் முதல் படத்திலேயே நீக்கப்பட்டுவிட்டதால், மாக்கிங்ஜே ஊசி யாருடையது என்று இரண்டாம் நூல் வெளிப்படுத்தும் உறவுக்கும் படத்தில் இடமில்லை. ஐம்பதாவது போட்டியில் அவர்களின் வழிகாட்டி ஹேமிட்ச் எப்படி வென்றார் என்பதைக் காட்னிஸும் பீட்டாவும் பழைய ஒளிப்பதிவில் பார்க்கும் அத்தியாயமும் விடுபட்டிருக்கிறது.

ஆகவே படமா நூலா என்பதற்கு என் பதில், முதல் நூலில் உங்களுக்கு எது பிடித்திருந்தது என்பதைப் பொறுத்தது. களத்தின் வேகமும் உயிர்பிழைக்கும் தந்திரங்களும்தான் பிடித்தன என்றால், ஏறக்குறைய 390 பக்கங்களில் அதற்காக நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. 146 நிமிடப் படம் அதை நூலைவிடச் சிறப்பாகத் தருகிறது. ரூவின் மரணமும் அந்த ரொட்டியும் மனத்தில் நின்றவர்கள் படத்தை முதலில் பார்த்துவிடக் கூடாது. படம் பார்த்தபின் நூலைப் படிக்கும்போது இறால் கிடைக்காத காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை நமக்கு மிஞ்சுவதில்லை.

நூலைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னொரு செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘கேட்சிங் ஃபயர்’ தனியாக நிற்கும் நூல் அன்று. முதல் நூல் ஒரு முடிவில் நிற்கிறது. இது பேச்சின் நடுவில் கதவைச் சாத்துவது போல நின்றுவிடுகிறது. 2009 செப்டம்பரில் வாங்கியவர்கள் அடுத்ததற்காக 2010 ஆகஸ்ட் வரை காத்திருந்தார்கள். இன்று அந்தக் காத்திருப்பு இல்லை என்பது நமக்கு வசதி. இரண்டாம் நூலை மட்டும் படித்து நிற்பதுதான் இருக்கும் வழிகளில் மோசமானது. ஆகவே அதை எடுப்பது என்றால் மூன்றாம் நூலையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அந்த மூன்றாம் நூல் இலகுவானதல்ல. காலின்ஸின் தந்தை விமானப்படை அதிகாரி, வியட்நாம் போரில் பணியாற்றியவர். தொலைக்காட்சியில் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது ரியாலிட்டி நிகழ்ச்சியும் இராக் போர்க் காட்சிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து தெரிந்ததிலிருந்து இந்தக் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் நூல் அந்த ரியாலிட்டி நிகழ்ச்சி என்றால், ‘மாக்கிங்ஜே’ அந்தப் போர். அதில் காட்னிஸ் வீரநாயகியாக அல்ல, பெரும்பகுதி மருத்துவமனைப் படுக்கையிலும் அலமாரிகளுக்குள் ஒளிந்தும் இருக்கும் நொறுங்கிய பெண்ணாக வருகிறாள். எதிர்ப்பியக்கமும் அவளைப் படம்பிடித்துப் பரப்புரைக்குப் பயன்படுத்துகிறது. நடை சீரற்றது, சில மரணங்கள் ஒரே வரியில் கடந்துபோகின்றன. ஆனாலும் போர் எந்தப் பக்கத்தையும் சுத்தமாக விட்டுவைப்பதில்லை என்று இளையோரிடம் ஒளிக்காமல் சொல்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியாகப் படிப்பதைவிட, வீட்டில் யாராவது ஒருவர் சேர்ந்து படிப்பது நல்லது என்பதே இதில் என் தயக்கம்.

முன்கதைகளுக்கு நேராகத் தாவுவது கவர்ச்சியான யோசனை, ஏனெனில் அவை காலவரிசையில் முந்தியவை. 2020இல் வந்தது இளவயது ஸ்னோவின் கதை: பத்தாவது போட்டியின் காலத்தில் பார்வையாளர்களே இல்லாத இந்தக் கொடுமை, வழிகாட்டிகளும் பந்தயப் பணமும் பரிசுகளும் சேர்ந்து எப்படிக் கேளிக்கையாக மாறியது என்பதைச் சொல்வது. 500 பக்கங்களுக்கு மேல் நீளும் அதில் காட்னிஸ் இல்லை, அவள் குரலின் நெருக்கமும் இல்லை. கதை படர்க்கையில் செல்கிறது. இரண்டாம் நூலில் வீட்டுக்குள் வந்து உட்காரும் ஸ்னோவைச் சந்திக்காமல் அதைப் படிப்பவருக்கு, அந்த இளைஞன் யாராக மாறப்போகிறான் என்பதன் கனம் கிடைக்காது. 2025இல் வந்தது ஹேமிட்ச் வென்ற ஐம்பதாவது போட்டியின் கதை. இதில்தான் வரிசை மிக முக்கியம். காட்னிஸும் பீட்டாவும் பார்க்கும் அந்த ஒளிப்பதிவு அரசு தயாரித்தது. அதை முதலில் உண்மை என்று நம்பிப் படித்த பிறகு முன்கதைக்குப் போனால், எங்கே வெட்டினார்கள், எதை மறைத்தார்கள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. முன்கதையை முதலில் படித்துவிட்டால் ஏமாறும் வாய்ப்பே போய்விடுகிறது. இந்தத் தொடரில் வாசகன் ஏமாற வேண்டிய இடம் அது.

அக்கா மகளிடம் நான் பதில் சொல்லவில்லை. முதல் நூலில் எந்த இடம் மறக்கவில்லை என்று கேட்டேன். மரத்தின் மேலிருந்து காட்னிஸ் குளவிக்கூட்டை அறுத்துப் போடும் இடத்தைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “அவங்ககிட்டேயே சாப்பிட இல்லாதப்போ, அந்த ரொட்டியை எப்படி மாமா அனுப்பியிருப்பாங்க?” என்றாள். இரண்டாம் நூலையும் மூன்றாம் நூலையும் சேர்த்து வாங்கிவிட்டேன். மூன்றாவது இப்போதைக்கு என் மேசையில் இருக்கிறது. அவள் இரண்டாவதை முடிப்பதற்குள் நானும் அதை இன்னொரு முறை படித்துவிட வேண்டும்.